நனைந்த பஞ்சும் நனைந்த கம்பளியும்: வெப்பத்தைக் காப்பதில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

கொதிநீர்:

50 லிட்டர் பிடிக்கும் உலோகத் தொட்டி ஒன்று, அதைச் சுற்றி ஒரு மரப்பெட்டி, இரண்டுக்கும் நடுவே 5 செ.மீ. இடைவெளி. மாலையில் 75 டிகிரியில் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டால் விடியும்போதும் நல்ல சூடு மிச்சம் இருக்க வேண்டும். அதுதான் திட்டம். இடைவெளியில் தெர்மோகோல், கண்ணாடி இழை எதையும் அடைக்க எனக்கு விருப்பமில்லை. பஞ்சு, கம்பளி, வைக்கோல், உமி, தென்னை நார், மரத்தூள், தக்கை என்று இயற்கையாகக் கிடைப்பதில் ஏதாவது ஒன்றை வைத்தே முடிக்கப் பார்க்கிறேன்.

பெட்டி வேலையில் இறங்குவதற்கு முன் சின்னதாக ஒரு சோதனை. ஒரே அளவு கண்ணாடிப் புட்டிகளில் வெந்நீர் ஊற்றி, ஒன்றைப் பஞ்சாலும் இன்னொன்றைக் கம்பளியாலும் ஒரே தடிமனுக்குச் சுற்றினேன். காய்ந்த நிலையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஆறின. அப்புறம் இரண்டையும் தண்ணீரில் முக்கி, பிழிந்து, திரும்பச் சுற்றிப் பார்த்தால் பஞ்சு சுற்றிய புட்டி கிடுகிடுவென்று ஆறிவிட்டது, கம்பளி சுற்றியது அந்த அளவுக்கு மோசமில்லை.

என்னைக் குழப்புவது இதுதான்: காற்றில் இருக்கும் ஈரத்தைப் பஞ்சைவிடக் கம்பளிதான் அதிகமாக இழுக்கும் என்று படித்திருக்கிறேன். 65 சதவீத ஒப்பு ஈரப்பதத்தில் கம்பளி தன் எடையில் 15, 16 சதவீதம் தண்ணீரைப் பிடித்து வைக்கும், பஞ்சு 7, 8 சதவீதத்தோடு சரி. தண்ணீர்தான் வெப்பத்தைக் கடத்துகிறது என்றால் அதிகத் தண்ணீர் பிடிக்கிற கம்பளிதானே முதலில் கைவிட வேண்டும்? ஏன் தலைகீழாக நடக்கிறது? கூடவே, பெட்டி வெளியில் திறந்த இடத்தில் இருக்கப் போகிறது என்பதால் ஈரம் வராமல் இருக்காது. எதை அடைக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

மழைக்குருவி:

கம்பளி ஈரமானால் அதுவே சூடு தரும், அதனால்தான். கம்பளி இழைக்குள் நீராவி போய் ஒட்டும்போது வெப்பம் வெளிவரும், இது நிரூபிக்கப்பட்ட விஷயம். எதற்கு யோசனை, கம்பளியையே அடைத்துவிடுங்கள்.

நூற்கண்டு:

மழைக்குருவி சொன்னதில் பாதி சரி, ஆனால் கேள்விக்குப் பதில் அது இல்லை. முதலில் அதை ஓரமாக வைத்துவிடலாம். நன்றாகக் காய்ந்த கம்பளி ஒரு கிராமை முழுக்க நனைத்தால் 100 ஜூலுக்குக் கொஞ்சம் கூடுதலாக வெப்பம் வரும், பஞ்சுக்கு அதில் பாதிகூட வராது, பாலியஸ்டருக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. திரவத் தண்ணீருக்குப் பதிலாக நீராவியாகவே உள்ளே போனால், அந்த ஆவி தண்ணீராக மாறுவதால் கிடைக்கும் வெப்பமும் சேர்வதால் கணக்கு இன்னும் பல மடங்கு பெரிதாகும். வறண்ட அறையிலிருந்து ஈரக்காற்றுக்குள் கம்பளிச் சட்டையோடு போகிறவர் இதை உணரவே செய்வார். ஆனால் இது ஒருமுறை வரும் வரவு. இழை நிறைந்ததும் நின்றுவிடும், திரும்பக் காயும்போது அதே அளவு வெப்பத்தை எங்கிருந்தாவது பிடுங்கிக்கொள்ளும். ராத்திரி முழுக்க ஒரு தொட்டியைச் சூடாக வைக்க இதை நம்ப முடியாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெப்பத்தைத் தடுப்பது பஞ்சும் இல்லை, கம்பளியும் இல்லை. இழைகளுக்கு நடுவே அசையாமல் சிக்கிக் கிடக்கும் காற்றுதான் தடுக்கிறது. அசையாத காற்றின் வெப்பக் கடத்துதிறன், அறை வெப்பநிலையில், மீட்டருக்கு, கெல்வினுக்கு 0.026 வாட். பஞ்சு, கம்பளி, இலவம்பஞ்சு, தக்கை என்று எதை எடுத்து அளந்தாலும் 0.04-ஐ ஒட்டியே வரும், ஏனென்றால் அந்தப் பொதியில் பெரும்பங்கு காற்றுதான், பொருள் கொஞ்சம்தான். காய்ந்த நிலையில் உங்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது அதனால்தான். உறைபனியை எடுத்துப் பாருங்கள்: கெட்டியான பனிக்கட்டி 2.2 வாட் கடத்தும், அதே தண்ணீர் புதிதாக விழுந்த தூவிப்பனியாக இருந்தால் 0.1-க்கும் கீழே வந்துவிடும். பொருள் துளிகூட மாறவில்லை, நடுவில் காற்று வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

இப்போது தண்ணீர். அதன் கடத்துதிறன் 0.6, அதாவது காற்றைப் போல 20 மடங்குக்கு மேல். அதனால் "எவ்வளவு தண்ணீர் இருக்கிறது" என்பதைவிட "தண்ணீர் எங்கே இருக்கிறது" என்றுதான் கேட்க வேண்டும். இழையின் உள்ளே போன தண்ணீர் இழையைக் கொஞ்சம் பருக்க வைக்கும், காற்றின் இடத்தைப் பெரிதாகத் தொடாது. இழைகளின் நடுவே போன தண்ணீர் காற்றை வெளியே தள்ளிவிட்டு அங்கேயே குடியேறிவிடும். நீங்கள் சொன்ன அந்த 16 சதவீதம் முழுக்க இழையின் உள்ளே போகும் கணக்கு. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை இப்படி வாங்கி வைத்துக்கொள்ளும், தொட்டால் கைக்கு ஈரம் என்றே தெரியாது.

கம்பளி இழையின் மேல்தோல் வேறு மாதிரி. செதில் செதிலாக அடுக்கிய கெரட்டின் என்ற புரதம், அதன் வெளிப்பரப்பில் மெல்லிய கொழுப்புப் படலம் வேதிப்பிணைப்பாகவே ஒட்டியிருக்கும் (துவைத்தால் போய்விடும் கம்பளி எண்ணெயான லனோலினைச் சொல்லவில்லை, இது அதற்கும் அடியில் இருப்பது). திரவத் தண்ணீர் பட்டால் முத்துமுத்தாக நிற்கும், நீராவி மட்டும் உள்ளே நுழைந்துவிடும். உள்ளே ஈரத்தை விரும்பும் புரதம், வெளியே தண்ணீரை வெறுக்கும் தோல். பஞ்சு அப்படியில்லை. மெழுகை நீக்கி வெளுத்த பஞ்சு சுத்தமான செல்லுலோஸ், வெளிப்புறமும் தண்ணீருக்கு ஆசைப்படும், அதனால் இழை இடுக்குகளில் நுண்புழை ஏற்றத்தால் தண்ணீர் தானாக ஏறிப் பரவும். மருத்துவப் பஞ்சைத் தண்ணீர்மேல் போட்டால் நொடியில் அமிழ்வதும் இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு, இதுதான் அதிகம் கவனிக்கப்படாதது. கம்பளி இழை இயல்பிலேயே சுருள் சுருளாக இருக்கும், நனைந்தாலும் அந்தச் சுருள் பெருமளவு நிற்கும், பிழிந்து விட்டால் திரும்ப எழும்பும். பஞ்சு நனைந்தால் படிந்து சப்பையாகிவிடும். நீங்கள் பிழிந்தபிறகு சுற்றியபோது இரண்டின் தடிமனையும் அளந்தீர்களா? பஞ்சு பாதியாகியிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். பறவை இறகுப் பொதியும் இதே கதைதான். காய்ந்திருக்கும்போது அதை மிஞ்ச ஆளில்லை, நனைந்தால் கொத்துக் கொத்தாக ஒட்டி ஒன்றுமில்லாமல் போய்விடும். பறவை எண்ணெய் பூசி அலகால் கோதிக்கொண்டே இருப்பது அதற்குத்தான், தைத்த மெத்தையை யார் கோதிவிடுவார்கள்?

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். "கம்பளி நனைந்தாலும் சூடாக இருக்கும்" என்பது ஓரளவு ஈரம் வரைக்கும்தான். சொட்டச் சொட்ட நனைந்த கம்பளியிலும் இடுக்கெல்லாம் தண்ணீர்தான், அதுவும் நன்றாகவே வெப்பத்தை விடும். பஞ்சைவிடத் தேவலாம், அவ்வளவே.

தக்கைமரம்:

இலவம்பஞ்சை விட்டுவிட்டீர்களே. பேரில் பஞ்சு என்றாலும் பருத்திக்கும் அதற்கும் நடத்தையில் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு இழையும் உள்ளே வெற்றுக் குழல், சுவர் மிக மெல்லியது, மேலே இயற்கையான மெழுகு. தண்ணீர்மேல் போட்டால் அப்படியே மிதக்கும். செயற்கை நுரை வருவதற்கு முன் உயிர்காப்புச் சட்டைகளை இதை அடைத்துத்தான் செய்தார்கள். ஒரே குறை, இழை நொறுங்கும். அழுத்தம் தொடர்ந்து பட்டால் குழல் நசுங்கி காற்று போய்விடும், தீயும் சட்டென்று பிடிக்கும்.

தக்கைதான் என் தேர்வு (பெயரைப் பார்த்தாலே தெரியும்). இழைகளுக்கு நடுவே காற்று என்ற கதையே அங்கே கிடையாது. தேன்கூடு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிய மூடிய அறைகள், ஒரு கன சென்டிமீட்டரில் கோடிக்கணக்கில், ஒவ்வொன்றிலும் காற்று அடைபட்டிருக்கும். 1665-இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் பார்த்து "செல்" என்று பெயர் வைத்தது இந்தத் தக்கை அறைகளுக்குத்தான். அறைச்சுவரில் சூபரின் என்ற மெழுகுத்தன்மையுள்ள பொருள், தண்ணீர் உள்ளே போக வழியே இல்லை. தண்ணீரில் கிடந்து எடுத்தாலும் துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். துகள்களாக அடைத்தால் மட்டும் துகளுக்கும் துகளுக்கும் நடுவே தண்ணீர் தங்கும், அது வடிய அடியில் ஒரு துளை போதும்.

சுவரும்ஈரமும்:

மண், வைக்கோல் வைத்துக் கட்டுகிற வேலையில் இருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சில விஷயம்.

எல்லாரும் தண்ணீர் மழையாக வரும் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். மழையைத் தடுப்பது சுலபம், சரிவாக ஒரு மூடி போட்டால் தீர்ந்தது. வைக்கோல், நாணல் கூரைகள் தண்ணீரை உறிஞ்சாத பொருளால் ஆனவை என்பதால் ஒழுகாமல் இருக்கவில்லை, சரிவு 45 டிகிரிக்கு மேல் இருப்பதால் துளி ஒரு தண்டிலிருந்து அடுத்த தண்டுக்கு வழிந்து இறங்கிவிடுகிறது, மேலே ஒரு சில சென்டிமீட்டர்தான் நனையும், அடியில் புழுதி பறக்கும். அதே வைக்கோலைத் தட்டையாகப் போட்டால் ஒரு மழைக்குத் தாங்காது.

உங்கள் பெட்டியில் ஆபத்து உள்ளேயிருந்து வரும் நீராவி. 75 டிகிரித் தண்ணீர் சும்மா இருக்காது, மூடி இடுக்கு வழியாக ஆவி வந்துகொண்டே இருக்கும். அது அடைத்த பொருளுக்குள் புகுந்து வெளிப்பக்கம் நோக்கிப் போகும், வெளிப்பலகைக்குப் பக்கத்தில் குளிர்ந்த இடம் வந்ததும் தண்ணீராகப் படியும். சில வாரம் கழித்துத் திறந்தால் தொட்டியை ஒட்டிய பகுதி மொறுமொறுவென்று காய்ந்தும், பலகையை ஒட்டிய பகுதி நசநசத்துப் பூஞ்சை வாடையோடும் இருக்கும். மழை ஒரு சொட்டுகூட உள்ளே வந்திருக்காது.

வெப்பக் கணக்கையும் பாருங்கள். தொட்டியின் பரப்பு தோராயமாக 0.75 சதுர மீட்டர், 5 செ.மீ. தடிமன், 0.04 கடத்துதிறன், 50 டிகிரி வித்தியாசம் என்றால் 30 வாட் போகும். 10 மணி நேரத்துக்கு 1,080 கிலோஜூல், 50 லிட்டரில் சுமார் 5 டிகிரி இறங்கும். இனி மூடி வழியாக அரை லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போனால்? ஒரு லிட்டர் ஆவியாக 2,300 கிலோஜூலுக்கு மேல் வேண்டும், அப்படியானால் அரை லிட்டருக்கே 1,150-க்கு மேல். நாலாபக்கமும் அடைத்த பொருள் வழியாக ராத்திரி முழுக்கப் போகிற வெப்பத்தைவிட ஒரு ஓட்டை மூடி அதிகமாகக் கொண்டுபோய்விடும், போகிற வழியில் பொருளையும் நனைத்துவிட்டுப் போகும். நனைந்து கடத்துதிறன் 0.2-க்கு ஏறிவிட்டால் அடுத்த ராத்திரி 5 டிகிரிக்குப் பதில் 20 டிகிரி இறங்கும். பஞ்சா கம்பளியா என்ற கேள்வியைவிட மூடிக்கு என்ன ரப்பர் வளையம் என்ற கேள்விக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

அழுகல் பற்றி ஒரு வரி. மரம், வைக்கோல் போன்றவை 20 சதவீத ஈரத்துக்குக் கீழே இருக்கும்வரை கவலையில்லை. அதற்கு மேல் நாள்கணக்கில் கிடந்தால் பூஞ்சை வேலையை ஆரம்பிக்கும். தென்னை நாரில் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் மிக அதிகம் என்பதால் மெதுவாகத்தான் மக்கும், உமியில் சிலிக்கா இருப்பதால் அதுவும் சுலபத்தில் கெடாது. மரத்தூள் இந்த விஷயத்தில் மோசம்.

மழைக்குருவி:

மரத்தூள் மோசமா? முன்பெல்லாம் பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்துதானே கடல் கடந்து கொண்டுபோனார்கள்? 1833-இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு நாலு மாதக் கப்பல் பயணம், 180 டன் ஏற்றி 100 டன்னாவது போய்ச் சேர்ந்தது. அது ஈரமாகாமலா இருந்திருக்கும்?

சுவரும்ஈரமும்:

நல்ல கேள்வி. கெடுவது வேறு, வெப்பத்தைத் தடுப்பது வேறு. காய்ந்த மரத்தூள் நன்றாகவே தடுக்கும், 0.06-ஐ ஒட்டி வரும். அந்தக் கப்பலில் உருகிய தண்ணீர் கீழே வடிந்து இறைக்கப்பட்டது, பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் பூஞ்சையும் பெரிதாக வளராது, ஒரு பயணத்தோடு வேலையும் முடிந்தது. இவர் பெட்டியோ வெதுவெதுப்பாக ஈரமாக வருடக்கணக்கில் இருக்கப் போகிறது, பூஞ்சைக்கு அதைவிட என்ன வேண்டும்.

ஆனால் பனிக்கட்டியைச் சொன்னதும் நல்லதாயிற்று, ஏனென்றால் அங்கே ஈரம் போகும் திசையே எதிர். நீராவி பெரும்பாலும் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குப் போகும். வெந்நீர்த் தொட்டியில் உள்ளேயிருந்து வெளியே, பனிப்பெட்டியில் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே. அதனால் ஆவி புகாத தடுப்பை எப்போதும் சூடான பக்கம்தான் வைக்க வேண்டும். வெந்நீர்ப் பெட்டிக்கு அந்த வேலையை உலோகத் தொட்டியே செய்துவிடும், மூடி மட்டும் இறுகினால் போதும். வெளிப்பக்கம் பாலித்தீன் சுற்றாதீர்கள்! மழைக்குப் பாதுகாப்பு என்று நினைத்துப் பலர் செய்வது அது. வருகிற ஆவி போக வழியில்லாமல் உள்ளேயே படியும். வெளிப்பலகைகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி விட்டால் தொட்டியின் சூடே ஈரத்தை வெளியே தள்ளிவிடும்.

கொதிநீர்:

எல்லாருக்கும் நன்றி. பிழிந்தபிறகு தடிமனை அளக்கவில்லை, இப்போது அளந்தால் பஞ்சு நன்றாகவே ஒடுங்கியிருக்கிறது, கம்பளி கொஞ்சம்தான்.

இரண்டு சந்தேகம் மிச்சம். ஒன்று, எவ்வளவு இறுக்கமாக அடைப்பது? நிறைய அடைத்தால் நிறையத் தடுக்கும்தானே? இரண்டு, வெளிப்பக்கம் பலகைக்குப் பதில் தடிமனாக மண் பூசினால் என்ன? மண்சுவர் வெயில் நேரத்தில் உள்ளே குளிர்ச்சியாக வைத்திருக்கிறதே, சூட்டையும் அதே மாதிரி தடுக்காதா?

நூற்கண்டு:

முதல் சந்தேகத்துக்கு: இல்லை, அளவுக்கு மீறினால் கெடுதி. ரொம்பத் தளர்வாக இருந்தால் காற்று உள்ளுக்குள்ளேயே சுற்றி வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும். ரொம்ப இறுக்கினால் இழையோடு இழை தொட்டு அதன் வழியாகவே வெப்பம் கடக்கும், காற்றுக்கு இடமும் குறைந்துவிடும். கையால் அமுக்கினால் அமுங்கி, விட்டால் எழும்ப வேண்டும், அதுதான் பக்குவம். நாள்பட அடைப்பு கீழே படிந்து மேலே வெற்றிடம் விழும், வெப்பம் அதிகமாகப் போவதும் மேல்பக்கம்தான், அதனால் மூடிக்கு மட்டும் இரண்டு மடங்கு தடிமன் கொடுங்கள். பலகையின் வெட்டுமுனை தரையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மரம் தண்ணீரை உறிஞ்சுவது பெரும்பாலும் அந்த முனை வழியாகத்தான்.

சுவரும்ஈரமும்:

மண்: தடுக்காது. காய்ந்த மண்சுவரின் கடத்துதிறன் அடர்த்தியைப் பொறுத்து 0.6 முதல் 1 வரை, கம்பளியைவிட 15 மடங்குக்கு மேல் மோசம். அது செய்வது தாமதம். எடை அதிகம் என்பதால் பகல் சூடு அதைச் சூடாக்கிக் கடந்து உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது, 30 செ.மீ. சுவர் என்றால் 8, 10 மணி நேரம் பிடிக்கும். ராத்திரி குளிர்ந்து மறுநாளுக்குத் தயாராகிவிடும். வெளியே வெயிலும் குளிரும் மாறிமாறி வரும் இடத்தில்தான் அந்த வித்தை பலிக்கும். உங்கள் தொட்டியோ ஒரே திசையில் வெப்பத்தை விட்டுக்கொண்டிருப்பது, மண் அதை வாங்கித் தன்னைச் சூடாக்கிக்கொண்டு வெளியே விட்டுவிடும்.

மெல்லிய பூச்சாக வெளிப்பக்கம் பூசினால் வேறு ஒரு பலன் உண்டு. களிமண் நீராவியைச் சுலபமாக வாங்கும், சுலபமாக விடும், காற்றோட்டத்தை அடைக்கும், தீயும் சட்டென்று தொற்றாது. 2 செ.மீ. போதும், மேலே மழை படாமல் சரிவு மூடி. வைக்கோல் சேர்த்துக் குழையுங்கள், இல்லையென்றால் காயும்போது வெடிக்கும்.

தக்கைமரம்:

எதை அடைத்தாலும் சரி, ஈரம் ஏறுகிறதா என்று பார்க்க ஒரு வழி. வெளிப்பலகையை ஒட்டினாற்போல் ஒரு சின்ன வலைப்பையில் அதே பொருளை 100 கிராம் போட்டு வையுங்கள். அதற்கு முன் வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து எடை போட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை உருவி எடை போடுங்கள். கம்பளி 115, 120 கிராம் காட்டினால் அது இழைக்குள் இருக்கும் ஈரம், விட்டுவிடலாம். வைக்கோலோ உமியோ 120-ஐத் தாண்டினால் முதலில் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள், தொண்ணூறு சதவீதம் அங்கேதான் கசிவு இருக்கும்.

கொதிநீர்:

தொட்டியை ஒட்டித் தக்கைத் துகள், அதற்கு வெளியே கம்பளி, வெளிப்பலகையில் காற்று இடைவெளி என்று முடிவு செய்திருக்கிறேன். அடியில் தொட்டியின் எடை முழுக்க இறங்கும் இடத்தில் மட்டும் தக்கைப் பலகை, கம்பளி அங்கே நசுங்கிவிடும். எடைப் பையைப் பலகைக்குப் பின்னால் கொக்கியில் மாட்ட ஒரு சின்னக் கதவும் வைக்கிறேன். மூடிக்கு ரப்பர் வளையமா, சிலிக்கோன் வளையமா? 75 டிகிரியில் எது நாள்பட உழைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நூற்கண்டு:

சிலிக்கோன். சாதாரண ரப்பர் அந்தச் சூட்டில் தொடர்ந்து இருந்தால் இறுகி வெடிப்பு விடும்.